மருந்து படாத செல்கள்

இருட்டறையில் மைக்ரோஸ்கோப்பின் மேல் குனிந்த பெரியக்கா, குனிந்தது குனிந்தபடியே நின்றுவிட்டார். கண்ணெதிரே ஒரே பச்சை. ஒரு மூலை பாக்கியில்லாமல், செல்லுக்குச் செல் பச்சையாய் எரிந்துகொண்டிருந்தது.

டெங்கு வைரஸ் இருக்கும் இடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு ஒளிவிடுகிற சாயம் அது. வைரஸ் பெருகாத செல் கரிக்கட்டைபோல் இருண்டு கிடக்கும். பெரியக்கா வேலைக்கு வந்த காலம் முதல் அந்த இருட்டைத்தான் பார்த்திருக்கிறார். அவருடைய அப்பா, டெங்கு பரப்பும் புலிக்கொசுவின் முட்டைகளை உடைத்து எடுத்து, குப்பியில் வளர்த்து, ஊர் உலகத்துக்குக் காட்டிய செல்கள் அவை. எந்த டெங்கு வைரஸை ஊற்றினாலும் அவற்றுக்குள் அது பிழைக்காது. 'எதிர்த்து நிற்கும் செல்கள்' என்று அப்பா அவற்றுக்குப் பெயர் வைத்தார். அந்தப் பெயரைச் சொல்லித்தான் அந்தக் குடும்பம் நாலு பேர் நடுவே தலை நிமிர்ந்து நடந்தது.

"என்ன பெரியக்கா, சிலையாயிட்டீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மைக்ரோஸ்கோப்புக்குப் பொறுப்பாளி. நாள் பூராவும் இருட்டில் உட்கார்ந்திருப்பதால் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு ஆந்தை என்று பெயர். அதை அவளே கதவில் எழுதி ஒட்டியிருந்தாள்.

"ஸ்லைடு மாறிப்போச்சு. இது வேற யாரோடதோ."

"மேல இருக்கிறது உங்க எழுத்து. உங்க பெட்டியிலிருந்து நீங்களே எடுத்து, நீங்களே வெச்சீங்க. நான் தொடவே இல்ல சாமி. தொட விட்டாத்தானே?"

"அடுத்ததை வை."

அடுத்ததும் பச்சை. அதற்கடுத்ததும் பச்சை. பெரியக்கா பெட்டியின் மறுபக்கத்தில் அடுக்கியிருந்த ஸ்லைடுகளைக் காட்டினார். ஆந்தை ஒன்றை எடுத்து வைத்தாள். அது இருட்டு. காலங்காலமாகப் பார்த்துப் பழகிய, ஒரு பொட்டு வெளிச்சமில்லாத அதே இருட்டு.

"ரெண்டும் உங்க செல்லுதானா?"

"ஆமா."

"ஊத்தினது ஒரே வைரஸா?"

"ஒரே வைரஸ். ஒரே நாள். ஒரே கை."

ஆந்தை நாற்காலியைச் சக்கரத்தோடு பின்னால் தள்ளிக்கொண்டாள். "அப்ப மதியம் கமிட்டியில ஒருத்தருக்கு வேலை தப்பிச்சுதுன்னு சொல்லுங்க."

அந்த ஒருத்தர் யார் என்று இருவருக்கும் தெரியும். நிலையத்தில் காவல்காரர் வரைக்கும் தெரியும்.

'அந்த ஆள்' என்றுதான் பெரியக்கா அவரைச் சொல்வது. கூடப்பிறந்த தங்கையின் கணவர். வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் தங்கை கட்டிக்கொண்டவர். அதுவே பெரிய குற்றம். அதையும் மிஞ்சியது, மனிதர் அதே நிலையத்தில், அதே கொசு செல் ஆராய்ச்சிக்கே வந்து சேர்ந்தது. அப்பா அவரை வெளியே அனுப்பவில்லை. மகள் கணவரை வெளியே தள்ளினார் என்ற பேச்சு வரக்கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார். ஆனால் செல் அறை வாசலை மிதிக்க விடவுமில்லை. பின்கட்டில் உடைந்த மேசைகளைப் போட்டு வைத்திருந்த கிடங்கு ஒன்றை ஒழித்துக் கொடுத்தார்கள். கூரையில் ஈரம் பூத்திருக்கும்; ஜன்னல் முழுசாக மூடாது. மாப்பிள்ளை அதற்கும் நன்றி சொல்லி எடுத்துக்கொண்டார். உறவு முறைக்கு அண்ணி என்று கூப்பிட வேண்டிய பெரியக்காவை 'மேடம்' என்று கூப்பிட்டார். பெரியக்கா அப்படித்தான் கூப்பிடச் சொல்லியிருந்தார்.

செல் அறைக்கு ஒரு சட்டம் உண்டு. அப்பா போட்டது. செல்களுக்கு ஊற்றும் மீடியம் என்கிற வெளிர்மஞ்சள் திரவத்தில் ஒரு சொட்டு மருந்துகூடச் சேர்க்கக் கூடாது. மற்ற இடங்களில் பாக்டீரியா புகுந்து கெடுத்துவிடும் என்று பயந்து டெட்ராசைக்ளினோ வேறொன்றோ கலந்துவிடுவார்கள். அப்பாவுக்கு அது கேவலம். "கை சுத்தமா இருக்கிறவனுக்கு மருந்து எதுக்கு?" என்பார். நீங்கள் அனுப்பிய செல்களில் எங்களிடம் வைரஸ் நன்றாக வளர்கிறதே என்று வெளியிலிருந்து யாராவது எழுதினால், அப்பாவின் பதில் ஒன்றே ஒன்றுதான். "முதல்ல கையைக் கழுவிட்டு வரச் சொல்லு." கருத்தரங்கு மேடைகளிலும் அதையே சொன்னார். கூட்டம் சிரிக்கும். கேட்டவர் முகம் செத்து உட்காருவார்.

பின்கட்டுக் கிடங்கில் அந்தச் சட்டம் செல்லுபடியாகாது. அந்தத் தூசியில் மருந்தில்லாமல் ஒரு குப்பிகூடத் தேறாது. மாப்பிள்ளை டெட்ராசைக்ளின் கலந்தே வளர்த்தார். அப்பா காலமான பிறகு அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். எதிர்த்து நிற்கும் செல்களில் டெங்கு வைரஸ் தாராளமாகப் பெருகுகிறது என்று அதில் இருந்தது. காரணம் என்று ஒன்றும் எழுதவில்லை.

பெரியக்கா அதைப் படித்தார். அன்றே புகார் எழுதினார். முடிவுகள் ஜோடிக்கப்பட்டவை, விசாரிக்க வேண்டும் என்று. அப்பா போய்ச் சேர்ந்த ஈரம் காயும் முன்னால் அவர் பெயரில் கை வைத்தவனை விட்டுவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் பிறந்ததற்கு என்ன அர்த்தம்?

விசாரணைக் கமிட்டி உட்கார்ந்தது. குற்றம் உறுதியானால் வேலை போகும். பொய்க் கணக்கு எழுதியவர் என்ற பெயரோடு போகும். மாப்பிள்ளை தனக்காக வாதாடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"மேடமே செஞ்சு பார்க்கட்டும் சார். அவங்க செல்லை என் மீடியத்துல கொஞ்ச காலம் வளர்க்கட்டும். அவங்க அறையில, அவங்க கையால."

பெரியக்கா ஒத்துக்கொண்டார். வாயை ஒரேயடியாக அடைத்துவிட வேண்டும் என்று தன் பங்குக்கு நிபந்தனைகளும் போட்டார். மருந்தில் வளர்ந்த செல்களை வைரஸ் ஊற்றும் முன் நன்றாகக் கழுவி, பழையபடி மருந்தில்லாத மீடியத்தில் சில தலைமுறை வளர்த்த பிறகே சோதிக்க வேண்டும். மருந்துதான் வைரஸை வளர்த்தது என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. வைரஸே ஊற்றாத குப்பிகளும் பக்கத்தில் இருக்க வேண்டும். யாரும் அந்த அறைக்குள் வரக் கூடாது.

"ரொம்பச் சரி மேடம். அப்படித்தான் செய்யணும்," என்றார் மாப்பிள்ளை. அவர் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டியது அன்றைக்கே பெரியக்காவுக்கு எரிச்சலாக இருந்தது.

இப்போது இருட்டறையில் உட்கார்ந்து அவர் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தார். அந்த ஆள் கொடுத்த மீடியத்திலேயே வைரஸ் கலந்திருந்ததா? வைரஸ் ஊற்றாத குப்பிகளின் ஸ்லைடைப் பார்த்தார். சுத்த இருட்டு. இல்லை. செல்லை மாற்றிவிட்டார்களா? இன்குபேட்டரின் சாவி அவர் இடுப்பைவிட்டு இறங்கவேயில்லை. மருந்தின் வேலையா? வைரஸ் ஊற்றிய நேரத்தில் மருந்தின் வாசனைகூட அங்கே இல்லை. அவரே கழுவினார். எல்லாக் கதவையும் பூட்டியது அவர்தான். பூட்டிய வீட்டுக்குள் அவரே மாட்டிக்கொண்டார்.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள் ஆந்தை.

"மருந்து செல்லுக்கு எதையும் கொடுக்கல," என்றார் பெரியக்கா, தனக்குத்தானே பேசுவதுபோல. "கொடுத்திருந்தா கழுவினப்போ போயிருக்கும். அப்படின்னா எதையோ எடுத்திருக்கு. எடுத்தது திரும்பி வரல."

"டெட்ராசைக்ளின் எதை எடுக்கும்? பாக்டீரியாவை எடுக்கும். அதுக்குத்தானே ஊத்தறாங்க."

சொன்ன பிறகுதான் ஆந்தைக்கே தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எங்க செல்லுல பாக்டீரியாவா?" நடுத்தெருவில் வைத்து யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது பெரியக்காவுக்கு. "வாராவாரம் கிருமி வளர்க்கிற தட்டுல தேய்ச்சுப் பார்க்கிறோம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு புள்ளி முளைச்சிருக்கா? கேட்டுப் பாரு யாரை வேணாலும்."

"முளைக்கல பெரியக்கா. நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லாதே." கொஞ்சம் நிறுத்தினார். "நீலச் சாயம் இருக்கா?"

மரபணு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் நீலமாக ஒளிரும் சாயம் அது. செல்லுக்கு நடுவே உட்கரு ஒரு நீல உருண்டையாகத் தெரியும். சுற்றிலும் இருக்கும் இடம் வெறுமையாகக் கிடக்க வேண்டும். ஆந்தை வேறு பேச்சில்லாமல் இரண்டு வகைச் செல்லுக்கும் சாயம் போட்டாள். ஊறவைத்துக் காத்திருந்த நேரம் பூராவும் பெரியக்கா சுவரில் ஓடிய மின்கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்தில் வளர்ந்து வந்தவற்றில் உருண்டை மட்டும் இருந்தது. சுற்றிலும் ஒன்றுமில்லை.

ஆந்தை ஸ்லைடை மாற்றினாள். அப்பாவின் செல்கள். மருந்து படாத செல்கள்.

உருண்டையைச் சுற்றி நீலத் தூள். உப்பைக் கையால் அள்ளி வாரி இறைத்ததுபோல, இடமே விடாமல், ஒவ்வொரு செல்லிலும், செல்லின் ஓரம் வரைக்கும்.

மைக்ரோஸ்கோப்பின் விளக்கை ஆற்றும் காற்றாடி மட்டும் இரைந்தது.

"பெரியக்கா, இது ஒண்ணு ரெண்டு வந்து ஒட்டிக்கிட்டது இல்ல," என்றாள் ஆந்தை தாழ்ந்த குரலில். "குடும்பம் குட்டியோட பட்டா போட்டுக் குடியிருக்கு."

பெரியக்காவுக்கு அதன் பெயர் தெரியும். வொல்பாக்கியா. படிக்கிற காலத்தில் பாடப் புத்தகத்தில் ஓரமாக வந்துபோன பெயர். பூச்சிகளின் செல்லுக்குள்ளேயே வாழும். வெளியே எடுத்தால் வளராது. அதனால்தான் தட்டில் ஒருநாளும் முளைக்கவில்லை. தாய்க் கொசுவிலிருந்து முட்டைக்கு, முட்டையிலிருந்து அடுத்த தாய்க்கு என்று பெண் வழியாகவே போய்க்கொண்டிருக்கும், சீதனம் மாதிரி. அது வைரஸோடு மல்லுக்கு நிற்கும் என்று அவர் படித்த எதிலும் இல்லை. வைரஸுக்கு வேண்டிய கொழுப்பை இது முந்திக்கொண்டு தின்று தீர்க்கிறதோ, செல்லை எந்நேரமும் உசுப்பி விழிப்பாக வைத்திருக்கிறதோ, யார் கண்டது. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இது உள்ளே இருக்கும்வரை டெங்கு தலைதூக்கவில்லை. இது போனதும் வீடு திறந்துவிட்டது.

எதிர்த்து நின்றது செல் அல்ல. அப்பாவின் செல் எதையுமே எதிர்க்கவில்லை.

கையைக் கழுவிட்டு வா என்று மேடையில் வைத்து எத்தனை பேரை அப்பா கூசவைத்தார். அத்தனை பேரும் மருந்து கலந்தவர்கள். அவர்கள் குப்பியில்தான் செல் வெறும் செல்லாக இருந்தது. மருந்து வேண்டாம் என்று மார்தட்டிய இந்த அறையில்தான், உலகத்திலேயே சுத்தமான அறை என்று பெரியக்கா நினைத்திருந்த இந்த அறையில்தான், கண் படும் இடமெல்லாம் பாக்டீரியா. பின்கட்டுக் கிடங்கில் அந்த ஆளை ஒதுக்காமல் இங்கே ஓர் ஓரத்தில் இடம் கொடுத்திருந்தால் அவரும் மருந்தில்லாமலே வளர்த்திருப்பார். இது வெளியே வந்தேயிருக்காது.



"இதைக் கமிட்டிக்குக் கொண்டு போறீங்களா?" ஆந்தை கேட்டாள்.

"கண்ணால பார்த்ததைப் பார்க்கலேன்னு சொல்ற பழக்கம் எங்க வீட்ல கிடையாது."

சொல்லிவிட்டார். ஆனால் ஸ்லைடுப் பெட்டியோடு வெளியே வந்தவருக்கு, கமிட்டி அறை எந்தப் பக்கம் என்றே ஒரு நிமிடம் மறந்துபோனது. தாழ்வாரத்தில் வெயில் சதுரம் சதுரமாகக் கிடந்தது. மாடிப்படி ஓரமாக இருந்த மர பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் காரியத்துக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வது இதுதான் முதல் தடவை. அன்றைக்கும் பேசவில்லை.

"நீ எதுக்கு வந்தே?"

"கூட்டிட்டுப் போக வந்தேன்," என்றாள் தங்கை. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டிருந்தாள். "உள்ளே கையெழுத்துப் போடப் போறார். என் கை தவறிடுச்சு, முடிவு தப்புன்னு எழுதிக் கொடுத்துட்டு வேலையை விட்டுட்டா, விசாரணையை இதோட மூடிடறேன்னு தலைவர் சொல்லியிருக்காராம். போதுமாக்கா? வயிறு குளிர்ந்துதா?"

"அவர் எதுக்குக் கையெழுத்துப் போடணும்? அவர்தான் தப்பே பண்ணலையே."

வாயிலிருந்து அது நழுவிவிட்டது. தங்கை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணிலே ஆச்சரியம் எதுவும் இல்லை. பெரியக்காவை அதுதான் முதலில் உலுக்கியது.

"வளர்ந்துடுச்சா?" என்றாள் தங்கை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியும்னா என்ன சொல்றது? போன வருஷமே தெரியும். மருந்து ஊத்தறதுக்கு முந்தின செல்லுக்குள்ள பாக்டீரியா இருக்குன்னு சாயம் போட்டுப் பார்த்துட்டு வந்து, அன்னிக்குச் சாப்பிடாம உக்காந்திருந்தார்."

பெரியக்கா ஓர் அடி முன்னால் வந்தார். "தெரிஞ்சுமா வாயைத் திறக்கல? கமிட்டியில மரம் மாதிரி உக்காந்திருந்தாரே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

"நான்தான் திறக்க விடல." தங்கையின் குரல் உடைந்தது, உடனே சரிப்படுத்திக்கொண்டாள். அதுவும் அந்த வீட்டுப் பழக்கம்தான். "அப்பா படுத்த படுக்கையா இருந்த நேரம் அது. என்னைத்தான் வீட்டுக்குள்ள விடல, சரி. ஆனா அவர் செல்லுல கிருமி இருக்குங்கிற வார்த்தை என் வீட்டுக்காரர் வாயால வரக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். அப்புறம் அப்பா போயிட்டார். போனவரைப் பத்தி எப்படிப் பேசறதுன்னு இவரே விட்டுட்டார். வைரஸ் வளருதுங்கிறதை மட்டும் எழுதினார். அது கண்ணால பார்த்தது, அதை மறைச்சா பாவம்னார். ஏன் வளருதுன்னு எழுதல."

"ஏன் எழுதல?"

"அதை உங்க அக்கா கண்டுபிடிக்கட்டும்னார். நான் சொன்னா மாமாவைக் குத்தம் சொன்னதாயிடும், அவங்க கண்டுபிடிச்சா அது உங்க வீட்டுக் கண்டுபிடிப்பாயிடும்னார்."

பெரியக்கா ஸ்லைடுப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நீங்க எழுதின புகாரை ஃப்ரேம் போட்டு மாட்டாத குறைதான்," என்று தங்கை தொடர்ந்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "'எவ்வளவு சுத்தமா எழுதியிருக்காங்க பாரு, ஒரு எழுத்துப் பிழை இல்ல'ன்னு என்கிட்டயே படிச்சுக் காட்டறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கரண்டியைத் தூக்கி எறிஞ்சேன். இன்னிக்கு வரைக்கும் நீங்களாவே வந்து சொல்லுவீங்கன்னு காத்திருந்தார். காலையில வரைக்கும் தகவல் இல்ல. சரி, அவங்க கையில வளரல போலிருக்கு, என் கணிப்புதான் தப்பு, கௌரவமா விலகிடறேன்னு கிளம்பிட்டார்."

அப்பாவின் பெயரைக் காப்பாற்றுவதாகப் பெரியக்கா நினைத்துக்கொண்டிருந்த இத்தனை காலமும், அதை உண்மையிலேயே காப்பாற்றிக்கொண்டிருந்தது கிடங்கில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர். தன் வேலையை அடகு வைத்து. பொய்யன் என்ற பழியை ஏற்று. அதுவும் யார் பெயருக்காக? வாசல்படி ஏற விடாதவரின் பெயருக்காக.

"எழுந்திரு," என்றார் தங்கையிடம்.

"எதுக்கு?"

"இங்கேயே நில்லுன்னா நிப்பியா? வா."

கமிட்டி அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர். அப்பாவிடம் படித்து, அப்பாவின் செல்களிலேயே ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். எதிரே மாப்பிள்ளை, கையில் மூடி திறந்த பேனா, முன்னால் ஒரு தாள்.

"வாங்க பெரியக்கா, வாங்க," என்று தலைவர் எழுந்தார். "நீங்க சிரமப்படவே வேணாம். எல்லாம் சுமுகமா முடிஞ்சுடுச்சு."

"பேனாவைக் கீழ வைங்க," என்றார் பெரியக்கா. தலைவரைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார். பிறகு பெட்டியை மேசை நடுவில் வைத்தார். "வளர்ந்துடுச்சு."

"எது?"

"டெங்கு. எங்க அப்பா செல்லுல. என் அறையில. என் கையால."

ஓரத்தில் இருந்தவர் டீக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர், பாதி வழியிலேயே நிறுத்திவிட்டார். பெரியக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பச்சையைச் சொன்னார். நீலத் தூளைச் சொன்னார். எந்தக் கதவையெல்லாம் தட்டிப் பார்த்தார், எது எது பூட்டியிருந்தது என்று சொன்னார். ஒரு வார்த்தையைக் குறைத்துச் சொல்லவில்லை. தலைவரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பெரியக்கா, கொஞ்சம் நிதானமா யோசிப்போம். இந்த அறைக்குள்ள இருக்கிறவங்க நாம மட்டும்தான். சார் ஏற்கெனவே விலக ஒத்துக்கிட்டார். நாம இதைக் கிளறித்தான் ஆகணுமா? பெரிய ஐயா பேரை நினைச்சுப் பாருங்க."

"அண்ணி, சார் சொல்றது சரி," என்றார் மாப்பிள்ளை. அவரை அறியாமல் அந்த முறை வந்துவிட்டது. "வேணாம். மாமா பேருக்கு..."

"மாமா பேரைக் காப்பாத்த உங்களை யாரு கேட்டா?"

அறை அதிர்ந்தது.

"ஒரு வருஷமா எங்க வீட்டுக் கௌரவத்தைத் தலையில தூக்கிட்டு அலைஞ்சிருக்கீங்க. அது என் வேலை. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? இறக்கி வைங்க முதல்ல." மூச்சு வாங்கிக்கொண்டார். தலைவர் பக்கம் திரும்பினார். "உண்மை பேசினவரைப் பொய்யன்னு முத்திரை குத்தி எங்க வாசல்லருந்து அனுப்பிட்டு, நாளைக்கு அதே வாசல்ல நான் எந்த முகத்தோட நிக்கறது? அப்படி நிக்கிற பேர் எங்க அப்பாவுக்கு வேணாம். என் புகாரை நான் திரும்ப வாங்கிக்கறேன். அந்தத் தாளைக் கிழிங்க."

தலைவர் கிழிக்கத் தயங்கினார். கதவோரம் நின்றிருந்த தங்கை வந்து எடுத்துக் கிழித்தாள்.

"சரி," என்றார் தலைவர் கடைசியில். "அப்போ கமிட்டியோட முடிவை எழுதணும். குற்றம் நிரூபணமாகலை, சார் பணியில் தொடர்வார்." எழுதினார். "காரணம்... பெரிய ஐயாவின் செல்களில் பாக்டீரியாக் கலப்படம் இருந்தபடியால்..."

"கலப்படமா? யாரு கலந்தா?"

"இல்ல பெரியக்கா, பொதுவா அப்படித்தானே எழுதறது."

"பொதுவா எழுதாதீங்க. அது வெளியிலிருந்து வந்து விழுந்ததில்ல. முட்டையிலேயே இருந்தது. அந்தக் கொசுவுக்குக் கூடப்பிறந்த பிறப்பு. எங்க அப்பா கலக்கவும் இல்ல, வேற ஒண்ணைக் கலக்க விடவும் இல்ல. வைரஸ் வளரலேன்னார், அது நிஜம். செல்லு தடுக்குதுன்னார், அது தப்பு. தப்பைத் தப்புன்னு எழுதுங்க, நான் கேட்டுக்கறேன். கலப்படம்னு எழுதினா இந்த மேசையை விட்டு நகர மாட்டேன்."

"வேற எப்படித்தான் எழுத?"

பெரியக்கா மாப்பிள்ளையைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. முதல்ல பார்த்தவர் நீங்கதானே."

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். ஓராண்டாக உள்ளே வைத்திருந்த வாக்கியம்போல, திருத்தமில்லாமல், மெதுவாகச் சொன்னார்.

"எழுதிக்குங்க சார். இந்தச் செல்களுக்குள் சேர்ந்து வாழும் பாக்டீரியா இருக்கும்வரை டெங்கு வைரஸ் பெருகவில்லை. அதை நீக்கியபோது பெருகியது. தடை செய்வது கொசுவின் செல் அன்று. அதனுள் குடியிருக்கும் உயிர்."

"கீழே அவர் பேர். அதுக்கு அடுத்தது என் பேர்," என்றார் பெரியக்கா.

தலைவர் எழுதிக்கொண்டே வந்தார். 'குடியிருக்கும் உயிர்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. எழுதியதை மறுபடி முதலிலிருந்து படித்தார். உதடு அசைந்தது. நிமிர்ந்தபோது அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"பெரியக்கா... அப்போ என் தீசிஸ்? செல்லோட எதிர்ப்புச் சக்தின்னு தலைப்பே வெச்சு, பக்கம் பக்கமா நான்..."

"என்னுதும் அதே தலைப்புதான்," என்றார் பெரியக்கா. "எழுதி முடிங்க."